ஆறாவது குண்டைத் தேடிய மிஷின்

பின்பால் மிஷின் விற்கிறேன் என்றால் கும்மிடிப்பூண்டியில் முக்கால்வாசிப் பேருக்குப் புரியாது. பேரிங் விற்கிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள். நான் திருத்துவதில்லை. கேட்பவன் வாங்கப் போவதில்லை என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

கட்டில் அளவுக்கு ஒரு மரப்பெட்டி. மேல் பலகை சாய்வாக இருக்கும், அதன் மேல் கண்ணாடி. உள்ளே எஃகுக் குண்டு ஓடும். இரண்டு பக்கமும் இருக்கிற பட்டனை அமுக்கினால் உள்ளே இரண்டு சின்னக் கைகள் குண்டை அடித்து மேலே தள்ளும். நடுவில் குண்டை உதைக்கிற கைகள் இன்னும் மூன்று உண்டு. குண்டு படும் இடமெல்லாம் விளக்கு எரியும், மணி அடிக்கும், எண் ஏறும். அவ்வளவுதான் விளையாட்டு. வெளிநாட்டில் மூடிப்போன கிளப்புகளிலிருந்து பழைய மிஷின்கள் கன்டெய்னரில் காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கு வரும். நான் எடுத்து வந்து பிரித்து, ரப்பர் மாற்றி, காயில் மாற்றி, பலகையைத் தேய்த்து மெழுகு போட்டு, கல்கத்தா ரோட்டு ஓட்டல்களுக்கும் கடற்கரை ரிசார்ட்டுகளுக்கும் விற்பேன்.

திருவள்ளூரில் எனக்கு ஒரு போட்டிக்காரன் உண்டு. அவன் விற்பதில் குண்டே கிடையாது. பெட்டிக்குள் டிவியைப் படுக்க வைத்திருப்பான். குண்டின் படம் ஓடும். விலை என் விலையில் பாதி. படத்தில் ஓடும் குண்டுக்குத் தேய்மானமும் இல்லை, ரிப்பேரும் இல்லை. வாங்குகிறவர்களுக்கு அது போதும். எனக்கு அதைப் பார்த்தால் எரிச்சல் வரும். ஆனால் மாதம் ஐந்து அவன் விற்கிறான், நான் ஒன்று விற்பதே பெரும்பாடு.

என் ஷெட் தொழிற்பேட்டையின் கடைசித் தெருவில். வாடகை குறைவு. மழை பெய்தால் முன்னால் தண்ணீர் நிற்கும், அதனால் குறைவு என்று ஓனர் சொன்னார். பொய். அது முன்பு இரும்பு உருக்கும் ஃபர்னஸ் இருந்த ஷெட். கம்பெனி மூடிப் பல வருடம் ஆகியும் எவனும் எடுக்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த கம்பி மில்லில் நான் எலக்ட்ரீஷியனாக வேலை பார்த்தவன். அது என்ன ஷெட் என்று எனக்கு நன்றாகத் தெரியும். என்னை வேலையை விட்டு அனுப்பியபோது கொடுத்த பணத்தில் தொழில் தொடங்கினேன். இதுதான் மலிவாகக் கிடைத்தது, எடுத்தேன்.

ஃபர்னஸ் இருந்த குழியை மண் போட்டு மூடி மேலே கான்கிரீட் கொட்டியிருந்தார்கள். அந்த இடம் மட்டும் வேறு நிறம். அங்கே வைக்கிற மிஷினுக்கு மட்டம் நிற்காது. சாயந்திரம் நாலு காலையும் திருகி மட்டம் பார்த்துவிட்டுப் போவேன், காலையில் ரசமட்டத்தின் குமிழி ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கும். உள்ளே மண் இறங்குகிறது, வேறொன்றுமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். ஷெட்டில் வேறு இடம் இல்லாததால் ஒரு மிஷினாவது அங்கே நின்றாக வேண்டும்.

கூட்டிப் பெருக்க ஒரு பெண் வந்தாள். நான் ஆள் தேடவில்லை. அவளாக வந்து கேட்டாள். பொன்னேரி பக்கத்துக் காலனி, காலை ரயிலில் வந்து மூன்று ஷெட்டுகளைப் பெருக்கிவிட்டு மதியம் போவாள். என்னைவிட நாலைந்து வயது சின்னவள். நெற்றியில் பெரிய பொட்டு, கழுத்தில் மஞ்சள் கயிறு. அதிகம் பேச மாட்டாள். வேலை சுத்தம். ஒன்று மட்டும் கவனித்தேன். அந்த வேறு நிறத் தரையின் ஓரம் வரைக்கும் துடைப்பம் வரும், அதன் மேல் ஏறாது. கேட்டதற்கு, அங்க குப்பையே சேரலண்ணா என்றாள். பார்த்தேன். உண்மையிலேயே அங்கே குப்பை இல்லை.

மூன்று மாதம் இப்படிப் போனது. ஆயுத பூஜை வந்தது. அந்த வாரம் திருவள்ளூரில் புதிதாக கேம் ஜோன் திறக்கிற ஒருவர் ஐந்து மிஷின் கேட்டிருந்தார். பூஜை முடிந்து நாலாம் நாள் பகல் பன்னிரண்டு மணிக்கு வந்து விளையாடிப் பார்த்துவிட்டு முடிவு செய்வதாகச் சொல்லியிருந்தார். போட்டிக்காரனிடமும் விலை கேட்டிருக்கிறார் என்று தெரியும். இந்த ஆர்டர் போனால் ஷெட்டை மூட வேண்டியதுதான்.

மில்லில் இருந்த காலத்தில் பூஜை என்றால் மெயினை இறக்கிவிட்டு ஒவ்வொரு மோட்டாருக்கும் ஸ்டார்ட்டருக்கும் கிரேன் கொக்கிக்கும் சந்தனம் குங்குமம் வைப்போம். ஒன்றையும் விட மாட்டோம். விட்டால் அது கோபித்துக்கொண்டு யார் கையையாவது வாங்கிவிடும் என்பது பேச்சு. அந்தப் பழக்கத்தில் இங்கேயும் வைத்தேன். நாலு மிஷினுக்கு வெளியே நெற்றியில் வைத்தேன். ஐந்தாவது புதிதாக வந்தது, விலை அதிகம், அதுதான் குழி மேல் நின்றது. அதன் கண்ணாடியைக் கழற்றி, ஆறு குண்டையும் வெளியே எடுத்து ஒவ்வொன்றுக்கும் சந்தனப் பொட்டு வைத்து, திரும்ப உள்ளே உருட்டிவிட்டேன். பூசணிக்காய் உடைத்துப் பூட்டிவிட்டுப் போனேன். அந்தப் பெண் அன்றைக்கு வரவில்லை.

மறுநாள் காலை மெயினைப் போட்டேன். விற்கிற மிஷினை இரண்டு மூன்று நாள் சும்மா ஓடவிட்டுப் பார்ப்பது என் வழக்கம். ஐந்தும் விளக்கு போட்டுக்கொண்டு நின்றன. நான் டீ குடிக்க உட்கார்ந்தேன்.

டக். இடது ஓரத்தில் ஒரு அடி. பிறகு நடுவில் டக், டக், டக். பிறகு வலது ஓரத்தில் ஒன்று. நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அதே வரிசை.

குழி மேல் இருந்த மிஷின். யாரும் தொடவில்லை, உள்ளே எதுவும் ஓடவில்லை. கண்ணாடி வழியாகப் பார்த்தேன். குண்டை அடிக்கிற சின்னக் கைகள் ஒவ்வொன்றாக எழுந்து அடங்கின, தூங்குகிறவன் விரல் துடிப்பது மாதிரி.

எனக்குக் காரணம் தெரியாமல் இல்லை. இந்த மிஷின்களுக்கு ஒரு குணம் உண்டு. அடிப்பள்ளத்தில் ஆறு குண்டும் வந்து சேர்ந்துவிட்டதா என்று எண்ணும். ஒன்று குறைந்தால் எங்கோ சிக்கியிருக்கிறது என்று நினைத்து, உள்ளே இருக்கிற எல்லாக் கைகளையும் ஒவ்வொன்றாக அடித்துப் பார்க்கும். குண்டு உதிர்ந்து வரும் வரைக்கும் விடாது. தேடுகிறது என்று நாங்கள் சொல்வோம். ஆனால் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தால் ஆறு குண்டும் பள்ளத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. எண்ணினேன். மறுபடி எண்ணினேன். ஆறு. மிஷின் ஐந்து என்றது.

போர்டு கோளாறு என்று நினைத்தேன். பக்கத்து மில்லில் ஃபர்னஸ் போடும்போது கரண்ட் குதிக்கும், அது வேலையைக் காட்டுகிறது என்று நினைத்தேன். ஸ்டெபிலைசர் மாற்றினேன். வயர் வயராகப் பார்த்தேன். அன்றைக்குப் பூராவும் அது அடித்துக்கொண்டே இருந்தது.

பத்து மணிக்கு அந்தப் பெண் வந்தாள். துடைப்பத்தை எடுத்தவள், சத்தம் கேட்டதும் அப்படியே நின்றாள். அடுத்த முறை அடிக்கும் வரை நின்றாள். அதற்கடுத்த முறையும். பிறகு அந்தத் தரையின் விளிம்பு வரை போய், துடைப்பத்தின் கட்டையால் தரையில் மூன்று தட்டுத் தட்டினாள்.

மிஷின் உடனே அடித்தது. நடுவில் மூன்று.

பதினைந்து விநாடிக்கு ஒரு முறை அடிக்கும்படி அதற்குள் வைத்திருக்கிறார்கள், அவள் தட்டிய நேரம் அதோடு பொருந்திவிட்டது, அவ்வளவுதான் என்று சொன்னேன். அவள் தலையாட்டினாள். அவள் போன பிறகு போனில் நேரம் வைத்துப் பார்த்தேன். பதினைந்து, பதினைந்து, பதினைந்து, ஒன்பது, பதினைந்து. அந்த ஒன்பது ஏன் வந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

இரண்டாம் நாள் பக்கத்து ஷெட் ஆட்கள் டீ நேரத்தில் வாசலில் வந்து எட்டிப் பார்த்தார்கள். ஒருவனும் உள்ளே வரவில்லை. மூன்றாம் நாள் காலை என் ஷட்டர் முன்னால் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டித் தொங்கியது. நான் கட்டவில்லை. ஓனரும் கட்டவில்லை என்றார். பிய்த்து எறிந்தேன். அன்று மத்தியானமே போட்டிக்காரன் போன் செய்தான்.

"இன்னா தலைவா, பேய் வச்ச மிஷினு விக்கிறியாமே. ஆளே இல்லாம அதுவே ஆடிக்குதாம்?"

"உன் மிஷின்ல குண்டே இல்ல. அத்த முதல்ல பாரு."

"குண்டு இல்லாங்காட்டியும் எங்க ஜனம் உயிரோட ஆடுது நைனா" என்று சிரித்துவிட்டு வைத்தான். கேம் ஜோன்காரர் காதில் இதைப் போட்டிருப்பான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

அன்றுதான் அவள் சொன்னாள். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, என்னைப் பார்க்காமல் மிஷினைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். அவள் வீட்டுக்காரர் இதே ஷெட்டில் ஃபர்னஸ் வேலை செய்தவர். கிரேனுக்குக் கீழே நின்று சிக்னல் கொடுப்பார். அந்தச் சத்தத்தில் பேச்சு எடுபடாது. இரும்பு ராடால் ஒரு தண்டவாளத் துண்டில் தட்டுவார். மூன்று தட்டு என்றால் தூக்கு. வீட்டில் சோறு கேட்பதற்குக்கூடத் தட்டில் மூன்று தட்டுத் தட்டுகிற ஆள். ஒரு நாள் காலை ஷிப்டுக்கு வந்தவர் திரும்பி வரவில்லை. கம்பெனியில் போய்க் கேட்டதற்கு கேட் ரெஜிஸ்டரைக் காட்டினார்கள். மதியம் வெளியே போனதாகக் கையெழுத்து இருந்தது. நெல்லூர் பக்கம் எவளோடோ போய்விட்டான் என்றார்கள். அவர் அண்ணனும், அதாவது இவள் மூத்தாரும், அதையே சொன்னார். தெருவும் அதையே சொன்னது.

"ஓடிப்போனவன் பொண்டாட்டின்றாங்கண்ணா. நான் பொட்டு வெச்சாலும் சிரிக்கிறாங்கோ, அழிச்சாலும் சிரிப்பாங்கோ. எத்த செய்யறதுன்னே தெரில."

மிஷின் அடித்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

இங்கே ஒன்றை நான் எழுதியாக வேண்டும். அந்த நாள் எனக்கு ஞாபகம் இருக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் கரண்ட் யார்டில் நான் நின்றிருந்தேன். இரண்டு கம்பெனிக்கும் ஒரே யார்டு. ஃபர்னஸ் இழுக்கிற லோடு என் கண் முன்னால் மீட்டரில் தெரியும். உச்சத்தில் இருந்த முள் ஒரே நொடியில் சைபருக்கு விழுந்தது. இரும்பு பாதி உருகியிருக்கும்போது எவனும் கரண்டை நிறுத்த மாட்டான். இரும்பு உறைந்து ஃபர்னஸே பாழாகிவிடும். சுவரில் ஒரு கல் பெயர்ந்த ஓட்டை இருந்தது, அதில் கண் வைத்துப் பார்த்தேன். ஏழெட்டுப் பேர் ஃபர்னஸைச் சுற்றி நின்றார்கள். யாரும் அசையவில்லை, யாரும் பேசவில்லை. கிரேன் அப்படியே தொங்கியது. சூப்பர்வைசர் கையில் ஒரு ஹெல்மெட் இருந்தது, அவர் தலையிலும் ஒன்று இருந்தது. அரை மணி நேரம் கழித்து முள் மறுபடி ஏறியது.

டீக்கடையில் அந்த சூப்பர்வைசரைக் கேட்டேன். உன் வேலையைப் பார் என்றார். பார்த்தேன். வருடக்கணக்காகப் பார்த்தேன். விழுந்ததை நான் கண்ணால் பார்க்கவில்லையே என்பது எனக்கு நான் வைத்துக்கொண்ட பதில். அவள் சொல்லி முடித்த அந்த மதியமும் அதே பதிலோடுதான் உட்கார்ந்திருந்தேன்.  அவள் ரயிலுக்குப் போய்விட்டாள்.

நாலாம் நாள் காலை ஏழு மணிக்கே ஷெட்டுக்கு வந்தேன். ஐந்து மணி நேரத்தில் ஆள் வருவார். மிஷினின் அடிப்பள்ளத்தை மொத்தமாகக் கழற்றித் தரையில் வைத்தேன். குண்டை எண்ணுவதற்கு அதில் ஆறு ஜோடிக் கண்கள் இருக்கும். பொத்தான் அளவு கண்ணாடி. ஒரு கண் வெளிச்சம் விடும், எதிர்க்கண் வாங்கும். ஆறாவது கண்ணின் மேல் மஞ்சளாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டி முகர்ந்தேன். சந்தனம்.

என் முட்டாள்தனம். குண்டுக்கு வைத்த பொட்டு உருண்டு வந்து கண்ணை மூடிவிட்டது. அதுகூடத் தெரியாமல் மூன்று நாள் போர்டைக் குறை சொல்லியிருக்கிறேன். எத்தனையோ வருடம் மோட்டாருக்கெல்லாம் சந்தனம் வைத்திருக்கிறேன், மோட்டாருக்குக் கண் கிடையாது என்பதை யோசிக்கவே இல்லை.

அவள் வந்தபோது கூப்பிட்டுக் காட்டினேன். பேய் இல்லை, ஒன்றும் இல்லை, பார் என்று சொல்ல வேண்டும் போல இருந்தது. அவளுக்காகவா எனக்காகவா என்று தெரியாது. கண் எது, குண்டு எது, எப்படி எண்ணுகிறது, ஏன் தேடுகிறது, எல்லாம் சொன்னேன். அவள் குந்தி உட்கார்ந்து கவனமாகக் கேட்டாள். ஈரத்துணியால் துடைத்தேன். திரும்ப மாட்டினேன். ஆறு குண்டையும் துடைத்துப் போட்டேன். கண்ணாடி மூடி மெயினைப் போட்டேன். விளக்கு எரிந்தது. எண் பலகையில் ஆறு என்று சரியாகக் காட்டியது.

இரண்டு பேரும் நின்றோம். ஒரு நிமிடம் சத்தமில்லை. இரண்டாவது நிமிடமும் இல்லை.

பிறகு நடுவில் மட்டும் டக், டக், டக். ஓரங்கள் அடிக்கவில்லை. அதற்குப் பிறகு அது அடிக்கவே இல்லை. அந்த மிஷினை அப்புறம் கடற்கரையோரம் ஒரு ரிசார்ட்டுக்கு விற்றேன், இன்றைக்கும் ஒழுங்காக ஓடுகிறது. அந்தக் கடைசி மூன்றுக்கு என்னிடம் காரணம் இல்லை. கண்டுபிடிக்க நான் முயலவும் இல்லை.

அவள் மிஷினைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"செரி. இது குண்டத் தேடுது. நான் அத்தக் கேக்க வர்ல. நீ அப்போ சுவத்துக்கு அந்தாண்ட வேலைல இருந்தேல்ல?"

அதுவரை நீங்க என்று பேசியவள்.  ஆமாம் என்றேன். யார் சொன்னது என்று கேட்டேன்.

"டீக்கடைல சொன்னாங்கோ. அதுக்குத்தான் உன்னாண்ட வேலக்கி வந்தேன். மூணு மாசமா எப்டிக் கேக்கறதுன்னு பாத்துக்கினு கீறேன். அவரு வெளிய போனாரா, போவலியா? அத்த மட்டும் சொல்லு."

மணி பதினொன்று ஆகியிருக்கும். வெளியே லாரி போகிற சத்தம். உச்சி வெயில் மேலே தகரத்தில் இறங்கிக்கொண்டிருந்தது, ஷெட் முழுக்க வெளிச்சம். நான் சொன்னேன். முள் விழுந்ததைச் சொன்னேன். ஓட்டையில் பார்த்ததைச் சொன்னேன். இரண்டு ஹெல்மெட்டைச் சொன்னேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. விழுந்ததை நான் பார்க்கவில்லை என்பதையும் சொன்னேன்.

"எவ்ளோ நேரம் நிறுத்தி வெச்சாங்கோ?"

"அரை மணி."

"அதுக்கப்பறம்?"

"மறுபடி போட்டாங்க. சாயங்காலம் ஊத்தினாங்க."

அவள் அழவில்லை. ஊற்றியது எங்கே போகும் என்று கேட்டாள். கம்பியாகும் என்றேன். எந்த ஊருக்கு என்றாள். தெரியாது, லாரி எங்கே கூப்பிட்டாலும் போகும் என்றேன். கொஞ்ச நேரம் விரலை மடக்கி எதையோ எண்ணுகிற மாதிரி நின்றாள். அந்த வருடத்துக்குப் பிறகு கட்டிய வீடுகளை எண்ணுகிறாளோ என்று எனக்குத் தோன்றியது. அது என் புத்தி. அவள் என்ன எண்ணினாள் என்று நான் கேட்கவில்லை.

"வா" என்றாள். "எங்க மூத்தாராண்ட வந்து சொல்லு. எனக்குச் சொல்லி இன்னா ஆவப்போவுது. தெருவுல ஓடிட்டான் ஓடிட்டான்னு சொன்னவரு அவருதான்."

பன்னிரண்டு மணிக்கு ஆள் வருவார், முடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் ஏற்கெனவே வாசலுக்குப் போய்விட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை. நான் வராவிட்டால் மறுபடி கேட்க மாட்டாள் என்று தெரிந்தது. மெயினை இறக்கினேன். ஷட்டரை இழுத்துப் பூட்டினேன்.

ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்தோம்.  கவரப்பேட்டை தாண்டும்போது கேம் ஜோன்காரர் போன் அடித்தார். எடுக்கவில்லை. மறுபடி அடித்தார். சைலன்ட்டில் போட்டேன். அந்த ஆர்டர் போட்டிக்காரனுக்குப் போனது. இப்போது திருவள்ளூரில் அந்தக் கூடத்தில் ஐந்து டிவி படுத்துக்கொண்டிருக்கிறது. ஷெட்டை நான் இன்னும் மூடவில்லை, ஆனால் இழுத்துப் பிடித்துத்தான் ஓட்டுகிறேன்.

அவள் மூத்தார் வீட்டில்தான் இருந்தார். காட்டுப்பள்ளியில் வாட்ச்மேன் வேலை, அன்று லீவு. பனியனோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவள் என்னை வாசலில் நிறுத்தி, இவரு சொல்றதக் கேளுங்கோ என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். அக்கம்பக்கத்தில் நாலு பெண்கள் வேலையை விட்டுவிட்டு நின்றார்கள். அவர்கள் காதிலும் விழ வேண்டும் என்றுதான் அவள் என்னை வாசலில் நிறுத்தினாள் என்று அப்போதுதான் புரிந்தது. குரலைக் குறைக்காமல் சொன்னேன்.

அவர் கடைசி வரை குறுக்கே பேசவில்லை. முடிந்ததும் நாற்காலியை விட்டு எழுந்தார். பிறகு கேட்டார்.

"கம்பெனில ஒரு காகிதத்துல என்னாண்ட கையெழுத்து வாங்கினாங்கோ. படிச்சிப் பாக்கல. நீ அன்னிக்கே ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் போட்டிருப்பனா?"

 

உள்ளேயிருந்து அவள் வந்தாள். ஈர முகம், நெற்றி வெறுமையாக இருந்தது. வாசலில் நின்ற பெண்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். யாரும் சிரிக்கவில்லை. எனக்கு ஒரு சொம்புத் தண்ணீரை நீட்டினாள். வாங்கிக் குடித்தேன்.

"நாளைக்கு வேலைக்கு வர்ல" என்றாள். "அவருக்குக் காரியம் கீது."